சக்களத்தியைத் திருத்தணிக்குக் கொண்டுபோன நாள்

மாலை போட்டு மலைக்குக் கிளம்புகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. போய்ட்டு வரேன் என்றும் சொல்லக் கூடாது. இருமுடியைத் தலையில் ஏற்றினால் நேராக நடந்து வண்டியில் ஏற வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்காரர் வருஷா வருஷம் அப்படித்தான் போவார். அந்தக் கார்த்திகையில் மட்டும் தெருமுனையில் நின்று திரும்பினார். வாசலில் உடைத்த தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் பார்த்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால், தறி செட்டை ஒட்டி நிற்கிற கொய்யா மரத்தைப் பார்த்தார்.

அந்த மரத்தில்தான் என் சக்களத்தி இருந்தாள்.

சக்களத்தி என்பது நான் வைத்த பேர். அது ஒரு பச்சோந்தி. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்து அந்த மரத்தில் ஏறியது, பிறகு போகவே இல்லை. ஆர்.கே.பேட்டை ஓரத்தில் எங்களுக்கு ஆறு பவர்லூம். முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்குள்ளேயே நின்று நின்று எங்கள் வீட்டுக்காரருக்குக் காது பாதி போய்விட்டது. காது போனதும் பேச்சும் குறைந்துவிட்டது. என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அந்த மனுஷன் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டுப் பக்கத்து நிலத்தில் வெட்டுக்கிளி பிடித்துவந்து, கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து, விரல் நுனியில் ஒவ்வொன்றாக நீட்டுவார். அது நாக்கை வீசி எடுத்துக்கொள்ளும். அப்போது அதனிடம் எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் அரை மணி நேரம் பேசுவார். எனக்கு வயிறு எரியாதா?

என் வாய் சும்மா இருக்காது. "ஒரு நாளைக்கு அத்த தூக்கி ரோட்ல வீசறேனா இல்லையா பாரு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கத்துவதில் தெருவுக்கே கேட்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் சித்திரையில் செட்டைச் சுற்றிச் சிமெண்ட் போட்டோம். ஒற்றைக்காலில் நின்று போட வைத்தது நான். மழை வந்தால் வாசல் சேறாகும், வேலைக்கு வருகிறவர்கள் அந்தக் காலோடு உள்ளே வருவார்கள், நூலெல்லாம் கறையாகும். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், "மரத்தடில கொஞ்சம் மண்ணு உடு." அங்கேதான் சேறே என்று நான் மரத்தின் அடி வரைக்கும் பூசச் சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சு பேசவில்லை.

அவர் மலைக்குக் கிளம்புகிறதுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அது மரத்தை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் பூஜை, பஜனை என்று அலைந்துகொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்தேன். சிமெண்ட் தரையில் அந்த ஆடுகிற நடையோடு மூலைக்கு மூலை போகும், நிற்கும், முன்காலால் பிறாண்டும், மறுபடி நடக்கும். தெருவில் ஒரு கடுவன் பூனை இருக்கிறது. பூனை வாயில் போகப் போகிறதே என்று துடைப்பத்தை நீட்டுவேன், அது பிடித்துக்கொள்ளும், தூக்கி மரத்தில் விடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. நன்மை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் போன நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் தெளிக்கப் போனால், அது மரத்தடியில் கிடந்தது. பச்சை என்பதே உடம்பில் இல்லை. கறுத்துப்போய், வயிறு உப்பி, கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. துடைப்பத்தை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை.

மாலை போட்டு மலைக்குப் போயிருக்கிற வீட்டில் ஒரு உயிர் போகக் கூடாது. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், நான் சொல்லிச் சொல்லிக் கத்தின வார்த்தை. வீசறேன், வீசறேன் என்று மூன்று வருஷம் கத்தினவள் தனியாக இருக்கும்போது அது செத்துக் கிடந்தால் யார் நம்புவார்கள்? அவர் ஒன்றும் கேட்க மாட்டார். இனி எதுவுமே கேட்க மாட்டார். மிச்சம் இருக்கிற அந்த நாலு வார்த்தையும் நின்றுபோகும்.

அவருக்குப் போன் போட்டேன், போகவில்லை. காட்டுக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருப்பார். எதிர் வீட்டில் எங்கள் பாவா இருக்கிறார், என் அக்கா புருஷன், அவருக்கும் நாலு தறி. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டடி தள்ளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"நீ எதுனா பண்ணிட்டியா?" என்றார்.

"நான் இன்னா பாவா பண்ணப்போறேன்? காலைல வந்து பாக்கறேன், இப்படிக் கீது."

"இல்ல, சொல்லிகினே இருப்பியேன்னு கேட்டேன்."

பார்த்தீர்களா? ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கூடப் பிறந்தவள் வீட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து நிலத்துக்காரம்மா நாலு மாடு வைத்திருக்கிறவர். அவர்தான் திருத்தணியில் மாட்டு டாக்டரம்மா ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். கிளி, முயல் எல்லாம்கூடப் பார்ப்பார்களாம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "உசுரு இருக்குதில்ல? எடுத்துகினு வாங்க. ஒரு மணிக்கு மேல நான் ஊர் ஊரா ஊசி போடப் போயிடுவேன், அதுக்குள்ள வந்துடணும்" என்றார். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். அட்டைப்பெட்டியில் காற்று ஓட்டை போடணும். பிடித்துக்கொள்ள ஒரு கிளை வைக்கணும். கீழே மெத்தென்று ஏதாவது போடணும். உள்ளே இருட்டாக இருக்கணும். குளிர விடக் கூடாது, ஆட்டக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது.

நூல் சுற்றின கோன் வருகிற அட்டைப்பெட்டி வீடு முழுக்க இருக்கிறது. ஒன்றை எடுத்து ஓட்டை போட்டேன். கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்துக் குறுக்கே மாட்டினேன். கீழே மெத்தென்று என்றதும் என் கை தானாகக் கழிவு நூல் மூட்டைக்குப் போனது. தறிக்காரர் வீட்டில் மெத்தென்றால் அதுதான். வளையல் அனுப்பினாலும், கண்ணாடி டம்ளர் அனுப்பினாலும், கொலு பொம்மையைப் பரணில் ஏற்றினாலும் கழிவு நூலில்தான் வைப்போம். எங்கள் பிள்ளைகள் இரண்டும் தூளியில் தூங்கினது அந்த நூல் அடைத்த மெத்தையில்தான். இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டுப் பரப்பினேன். கையுறைபோல ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தூக்கினேன். எதிர்க்கவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பாவா வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். தூறல், குளிர்காற்று, பள்ளம் பள்ளமாக ரோடு. வேண்டாம் என்று பஸ்ஸுக்கு ஓடினேன். பத்தேகால் பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை ஆனதால் முருகன் மலைக்குப் போகிற கூட்டம். மஞ்சள் புடவை, பால் குடம், மொட்டை போடப் போகிற குழந்தை. எனக்கு எப்படியோ ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து, மேலே புடவைத் தலைப்பை மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

முதலில் உள்ளே சத்தமே இல்லை. பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்தேன். பஸ்ஸின் தடதடப்பில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சரசரவென்று ஆரம்பித்தது. அப்பாடா, உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். சூடு பட்டுத் தெம்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. சரசரப்பு நிற்கவே இல்லை. வேகமானது. பெட்டியே அசைந்தது. திறக்காதே என்று டாக்டரம்மா சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரேயடியாக நின்றது.

நூறு எண்ணினேன். இன்னும் ஒரு நூறு எண்ணினேன். முடியவில்லை, மூடியைத் தூக்கிவிட்டேன்.

கிளையில் அது இல்லை. கீழே நூலுக்குள் கிடந்தது. நாலு காலிலும் நூல் சுற்றியிருந்தது. அதன் கால் இடுக்கி மாதிரி, எதைத் தொட்டாலும் பிடித்துக்கொள்ளும். நூலைப் பிடித்திருக்கிறது, இழுத்திருக்கிறது, நூல் கூடவே வந்திருக்கிறது, பயந்து இன்னும் இழுத்திருக்கிறது. வலது முன்காலில் இழை இறுகி, பாதம் ஊதிக் கறுத்துப்போயிருந்தது. கழுத்தில் ஒரு சுற்று. ஒரு கண் மட்டும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. மெத்தை என்று நான் போட்டது சுருக்காகிவிட்டது. பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் முன் சீட்டு எழுந்தது, பின் சீட்டு எழுந்தது. நின்றுகொண்டு வந்த கூட்டத்துக்கு நடுவில் என்னைச் சுற்றி மட்டும் இடம் காலியானது. கண்டக்டர் ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா பொட்டில?"

"பச்சோந்திங்க. உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறேன்."

"கடிச்சா யாரும்மா பதில் சொல்றது? கோயிலுக்குப் போற ஜனம் இருக்குது. கண்டிகைல எறங்கிடு."

சண்டை போட்டிருப்பேன். மற்ற நாளாக இருந்தால் அந்தக் கண்டக்டரை ஒரு வழி பண்ணியிருப்பேன். ஆனால் ஆடுகிற பஸ்ஸில் இழையை வெட்ட முடியாது என்று எனக்கே தெரிந்தது. கே.ஜி.கண்டிகையில் இறங்கினேன். மழை வலுத்துவிட்டது. பதினொன்றே முக்கால்.

எதிரே ஒரு டீக்கடை. அடுப்புப் பக்கத்தில் என் வயசில் ஒரு பொம்பளை வடை போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை அணைத்துக்கொண்டு நேராக அங்கே போய், "யக்கா, அடுப்பாண்ட ஒரு பத்து நிமிஷம் குந்திக்கறேன், ஒரு உசுரு போகுது" என்றேன். மனுஷக் குழந்தை என்று நினைத்திருப்பார். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பெட்டிக்குள் பார்த்ததும் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ஆனால் போ என்று சொல்லவில்லை.

"இது விஷமாச்சே."

"விஷமெல்லாம் இல்லக்கா. சும்மா சீறும், அவ்ளோதான்."

தறி வேலை செய்கிற பொம்பளைகள் சின்ன நூல் கத்திரி ஒன்றைக் கூடவே வைத்திருப்போம். என் சுருக்குப்பையில் அது இருந்தது. கண்ணாடிதான் இல்லை. அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். தூரத்துப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், கிட்டத்தில் எல்லாம் கலங்கல். அந்த அக்காவிடம் போன் டார்ச்சை அடிக்கச் சொன்னேன். அடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்ததில் வெளிச்சம் முழுக்க வடைத் தட்டின்மேல் விழுந்தது.

"யக்கா, வடை நல்லாத்தான் கீது. இங்க அடி."

கண்ணை நம்பிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். அறுந்த இழையை இருட்டில்கூட விரலால் எடுத்து முடிச்சுப் போடுகிற கை இது. இடது கையில் துணியோடு அதன் உடம்பைப் பிடித்துக்கொண்டு, வலது விரலால் கழுத்தைத் தடவினேன். இழை தட்டுப்பட்டது. கத்திரி நுனியை உள்ளே விட்டு நறுக்கினேன். அது வாயைத் திறந்து சீறியது. சீறட்டும், சீறினால் உயிர் இருக்கிறது. பின்காலில் ஏழெட்டுச் சுற்று, ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். இழுத்துவிடக் கூடாது, இழுத்தால் இன்னொரு பக்கம் இறுகும். கடைசியாக அந்த முன்கால். ஊதின சதைக்குள் இழை புதைந்துபோயிருந்தது. விரலுக்கே தட்டுப்படவில்லை. நாங்கள் இழை முனை கிடைக்காவிட்டால் எச்சில் தொட்டுத் தேடுவோம். அதையே செய்தேன். எச்சில் தொட்டு மெதுவாகத் தடவத் தடவ, மயிரிழைபோல ஒன்று நகத்தில் மாட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு நகத்தால் தூக்கி நறுக்கினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

அந்த அக்கா டார்ச்சை அணைத்தார். என் பெட்டியில் இருந்த நூல் மொத்தத்தையும் வாரி வெளியே கொட்டினார். உள்ளே போய்த் தன் பழைய நைட்டி ஒன்றை மடித்து எடுத்துவந்து பெட்டியில் விரித்தார். ஒரு தண்ணீர் பாட்டிலில் வெந்நீரை விளாவி ஊற்றி, துணி சுற்றி ஒரு ஓரமாக வைத்தார். ரோட்டில் நின்று ஒரு ஆட்டோவையும் மறித்தார். "உள்ள இன்னா கீதுன்னு சொல்லாத" என்று என் காதில் சொன்னார். நான் சொல்லவில்லை. திருத்தணி வரைக்கும் ஆட்டோக்காரர் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். மலைக்குத் திரும்புகிற இடத்தில் பஸ்ஸும் காருமாக அடைத்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு ஐம்பது. தணிகை முருகா, உன் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன், ஒரு வழி விடப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றார். என் மகள் வயசுதான் இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் சாவியைப் பைக்குள் போட்டார்.

மேசைமேல் துணியோடு வைத்துப் பார்த்தார். "கால்ல இன்னா காயம் இது? நூலா?"

"ஆங். நான்தான் மேடம் உள்ள கழிவு நூலு வெச்சேன். மெத்துனு வெக்கச் சொன்னீங்களே." பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான். சொல்லவில்லை.

அவர் திட்டவில்லை. "துணின்னு சொல்லியிருக்கணும் நான்" என்றார். காயத்தைத் துடைத்து மருந்து போட்டார். பிறகு வயிற்றை இரண்டு விரலால் மெதுவாகத் தடவினார். தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "இங்க தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். துணிப்பையில் போட்ட புளியங்கொட்டை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது.

"முட்டை. இருபதுக்கு மேல இருக்கும். போட முடியாம வெச்சிகினு இருக்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்."

நான் இரண்டு பெற்றவள். வயிறு உப்பியிருப்பதைத் தினமும் பார்த்தவள். வெட்டுக்கிளி தின்று தின்று கொழுத்துப்போச்சு என்றுதான் நினைத்தேன்.

கால்சியம் என்று ஒரு ஊசி போட்டார். ஒரு விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினார். சொட்டு மருந்துபோல வாயில் தண்ணீர் விட்டார். அரை மணியில் கறுப்பு கொஞ்சம் வெளுத்து, விலாவில் பச்சைத் திட்டு தெரிந்தது. ஆனாலும் டாக்டரம்மாவின் முகம் தெளியவில்லை. "இத அடைச்சு வெச்சு வளக்கறது சட்டப்படி தப்பு, தெரியுமா?" என்றார்.

"அடைக்கலீங்க மேடம். மரத்துல அது பாட்டுக்கு இருக்குது."

"அப்ப மரத்துலயே விட்டுடுங்க. இங்க வெச்சிருந்தா பயத்துல போடாது. இது மரத்துல முட்டை வெக்கறது இல்ல. கீழ எறங்கி, மண்ணத் தோண்டி, குழிக்குள்ள வெச்சு மூடிட்டுப் போகும். சரியான எடம் கிடைக்காட்டா அடக்கி வெச்சிகினே அலையும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போடலன்னா கொண்டு வந்துடுங்க, கிழிச்சுதான் எடுக்கணும். பொழைக்குமான்னு சொல்ல முடியாது." ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மரத்தடில மண்ணு இருக்குதில்ல?"

சிமெண்ட் தரையில் மூலைக்கு மூலை நடந்தது, நின்றது, பிறாண்டினது, துடைப்பத்தால் நான் தூக்கித் தூக்கி மரத்தில் விட்டது, எல்லாம் ஒரேயடியாகக் கண் முன்னால் வந்து நின்றது. வலியோடு இடம் தேடினவளை நாளுக்கு ஐந்து தடவை துரத்தியிருக்கிறேன். நூலைப் பற்றிச் சொன்ன வாய்க்கு இதைச் சொல்ல வரவில்லை.

"ஆங், இருக்குதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. பெட்டியை அடுப்படியில் விளக்குப் பக்கம் வைத்தேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனேன். வேலைக்காரர்கள் தறியை ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. நான் போட வைத்தது, நான்தான் உடைக்க வேண்டும். நல்ல கெட்டிச் சிமெண்டாகப் போடு என்று கொத்தனாரை அப்போது விரட்டியிருந்தேன், அவனும் சொன்ன சொல் தவறாமல் போட்டிருந்தான். ஒரு முறம் அளவுக்கு உடைகிறதுக்குள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. இருட்டுகிறதுக்கு முன்னால் ஒரு கட்டில் அகலத்துக்குத் தரையைப் பெயர்த்து, அடியில் இருந்த செம்மண்ணை முழங்கை ஆழத்துக்குக் கொத்தி, மழைத் தண்ணீரைத் தெளித்து வைத்தேன். அப்புறம்தான் அதைக் கொண்டுவந்து அடிமரத்தில் விட்டேன். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்று காலால் ஏறியது.

விடிந்ததும் முதல் வேலையாக செட்டுக்குப் போய் எல்லா மோட்டாரையும் நிறுத்தினேன். ஆறு தறி ஓடினால் மரத்தடி வரைக்கும் தரை அதிரும். அது எனக்கு உள்ளங்காலில் தெரியும், அதற்கு வயிற்றில் தெரியாதா? வேலைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு செட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை துடைப்பம் பூனைக்கு.

எட்டு மணிக்கு இறங்கியது. சிமெண்ட் ஓரம் வரைக்கும் போய்த் திரும்பியது. மறுபடி மரத்தில் ஏறியது. பத்துக்கு இறங்கி மண்ணைத் தொட்டது, இரண்டு பிறாண்டு பிறாண்டியது, நின்றுவிட்டது. நான் மூச்சுவிடவில்லை. காலைக் காபிகூடக் குடிக்கவில்லை. தோண்டு தாயே, தோண்டு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சக்களத்தி என்று கூப்பிட வாய் வரவில்லை. பதினோரு மணி வாக்கில் தலையைக் கீழே விட்டுத் தோண்ட ஆரம்பித்தது. காயம்பட்ட காலையும் வைத்துத் தோண்டியது. ஒரு பிடி மண் வெளியே வரும், ஓய்ந்து கிடக்கும், மறுபடி ஒரு பிடி மண்.

எங்கள் தெருவில் பகலில் தறி நின்றால் சாவு என்று அர்த்தம். கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் நிற்கும். ஒரு வீட்டில் மட்டும் நின்றால் அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. பாவாதான் முதலில் வந்தார், தோளில் துண்டோடு. பின்னால் என் அக்கா, அவளுக்குப் பின்னால் தெருப் பொம்பளைகள் நாலைந்து பேர். மலைக்குப் போன மனுஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று என் அக்கா அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தறிய நிறுத்திட்டு இப்படிக் குந்திகினு இருக்கிறியே" என்றார் பாவா. "யாரு?"

நான் உதட்டில் விரல் வைத்து, மரத்தடியைக் காட்டினேன். உடைந்த சிமெண்டுக்கு நடுவில், குழிக்குள் பின்பக்கத்தை இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய அது உட்கார்ந்திருந்தது. உடம்பு விட்டு விட்டு இறுகியது.

"சாவு இல்ல பாவா" என்றேன். "பிரசவம்."

யாரும் சிரிக்கவில்லை. பாவா தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பொம்பளைகள் அப்படியே சிமெண்ட் ஓரத்தில் குந்திவிட்டார்கள். பிள்ளை பெற்றவர்கள்தானே எல்லாரும். மத்தியானம் மூன்று மணிக்கு அது குழியை விட்டு வெளியே வந்து, பின்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடி, மேலே ஏறி நடந்து நடந்து அமுக்கியது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. மரத்தில் ஏறுகிறதுக்கு அரை மணி ஆனது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது அந்தப் பொய்யையும், சிமெண்டை உடைத்துக் கை கொப்புளித்ததையும் சொல்லிவிட்டேன். அவர், "கைக்கு மருந்து போட்டீங்களா?" என்றார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்காரர் வந்தார். மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் போட்டுவிட்டு நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போனார். சிமெண்ட் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்தார். மரத்தில் அது முன்காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். செட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். "இன்னா?" என்று காதைக் காட்டினார். மெதுவாக ஒப்புக்கொள்கிற பாக்கியம்கூட எனக்கு இல்லை. மரத்தடி வரைக்கும் பூசச் சொன்னது நான்தான், இடம் தேடி இறங்கினதைத் துடைப்பத்தால் துரத்தினது நான்தான், பெட்டியில் நூலைப் போட்டுக் காலைக் கெடுத்தது நான்தான் என்று தெருவே கேட்கக் கத்திச் சொன்னேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. எதிர்ச் சாரியில் ஜன்னல்கள் திறந்தன. திறந்தால் திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கடப்பார புடிச்ச கையக் காட்டு" என்றார்.

காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மரத்தடி மண்ணை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், கிணற்றடியில் இருந்து செங்கல் எடுத்துவந்து அந்த இடத்தைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தார். நானும் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். நீ எடுக்காதே, கை இப்படி இருக்கிறதே, உட்கார் என்றார். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். நாலு வார்த்தைக்கு மேலேயே வந்திருந்தது.